கணக்கு வராத குழந்தைக்கு வாத்தியார் யார்?

சென்ற வருஷம் நவராத்திரி முடிந்த மறுவாரம் புனேயிலிருந்து என் பெண் தொலைபேசியில் பேசினாள். குரல் கம்மியிருந்தது. ஏழாவது படிக்கும் என் பேத்தி கணக்கில் நூற்றுக்கு 31 வாங்கியிருந்தாள். “அப்பா, நல்ல டியூஷனா பார்த்துச் சேர்த்துடலாம்னு இவர் சொல்றார். எங்கே சேர்க்கறதுன்னுதான் தெரியலை. நீங்க சித்த அவளோட பேசிப் பாருங்கோ” என்றாள்.

பேத்தியிடம் நான் பேசியது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. “என்னம்மா இது, ராமானுஜன் படிச்ச ஊர்க்காரா நாம. நம்மாத்துக் குழந்தைக்குக் கணக்கு வராமல் போகுமோ?” என்று சொல்லிவிட்டேன். உற்சாகப்படுத்துவதாக எண்ணம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் அழுதாள் என்று பிறகு தெரிந்தது.

நான் கும்பகோணத்துக்காரன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். சரித்திரப் புத்தகங்கள் படிப்பது என் பொழுதுபோக்கு. பேத்தியை அழவைத்த வருத்தத்தில், நம் நாட்டில் கணக்கு வராத பிள்ளைகளுக்கு முன்பெல்லாம் யார், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பல ஊர்களிலும் இருக்கும் நம் வாசகர்களில் பலருக்கு இதே கவலை இருக்கும் என்பதால் படித்ததையும், அதனால் எங்கள் வீட்டில் நடந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

திண்ணையும் எண்சுவடியும்

டியூஷன் என்பது இந்தக் காலத்து வியாதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கணக்குக் கேட்டார். வந்த பதில்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில், மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் கூறுகிறார். அவர்களில் பெண் குழந்தைகள் 4,540 பேர்தான். தரம்பால் 1983-ல் வெளியிட்ட நூலின் மூலம் இந்த ஆவணங்கள் பலருக்கும் தெரியவந்தன.

அதே குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. சென்னை நகரில் மட்டும் வீட்டிலேயே பாடம் கற்ற பிள்ளைகள் 26,900-க்கும் மேல் என்று கலெக்டர் அனுப்பியிருந்தார். பள்ளிக்குப் போனவர்களைப்போல் சுமார் ஐந்து மடங்கு! எண்ணிக்கையில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்படுகிறார். ஆனாலும் உறவினர்களிடமோ, தனி வாத்தியாரிடமோ வீட்டில் படிக்கும் வழக்கம் நாடெங்கும் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆக, சுமார் இருநூறு வருஷத்துக்கு முன்பே நம்மவர்கள் பிள்ளைகளுக்குத் தனி வாத்தியார் வைத்திருக்கிறார்கள்.

அன்றைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் எண்சுவடிதான். முழு எண்களின் வாய்ப்பாடு மட்டுமல்ல, பின்ன வாய்ப்பாடும் அதில் உண்டு. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. காணி 80-ல் ஒரு பங்கு. மா 20-ல் ஒரு பங்கு. மாகாணி 16-ல் ஒரு பங்கு. இரண்டு மாகாணி ஓர் அரைக்கால். ஐந்து மா ஒரு கால். நெல் அளக்கவும், நிலம் அளக்கவும், வட்டி போடவும் இந்தப் பின்னங்கள் அன்றாடம் தேவைப்பட்டதால் எட்டு வயதுப் பையனுக்குப் பின்னம் புதிய பூதமாகத் தெரியவில்லை. வீட்டில் படி, உழக்கு, ஆழாக்கு என்று பார்த்த பொருள்களுக்கே திண்ணையில் கணக்குப் போட்டான்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய செந்தில்பாபு 2022-ல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்த எண்சுவடிக் கல்வியை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இதை வெறும் குருட்டு மனப்பாடம் என்று ஒதுக்கிவிட முடியாது, நினைவாற்றலையே கருவியாக வைத்துக் கணக்கைப் பழக்கிய ஒரு முறை என்பது அவர் ஆராய்ச்சியிலிருந்து தெரிகிறது.

இதைச் சொல்லும்போது திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக வர்ணிக்க எனக்கு விருப்பமில்லை. பிரம்படியும் கோதண்டமும் அங்கே சர்வ சாதாரணம். பெண் குழந்தைகள் எத்தனை குறைவு என்பதை மேலே பார்த்தோம். ஏழை எளிய சாதிகளின் பிள்ளைகளில் மிகப் பலருக்கு அந்தத் திண்ணையில் ஏறவே இடமில்லை. ஆனால் ஒரு விஷயத்தை அங்கே சரியாகச் செய்தார்கள். ஒரு வாய்ப்பாடு வராமல் அடுத்த வாய்ப்பாட்டுக்குப் பிள்ளையைத் தள்ளமாட்டார்கள். வகுப்பு என்ற ஏற்பாடே இல்லாததால் ஒவ்வொரு பிள்ளையும் அவனவன் இருக்கும் இடத்திலிருந்து படித்தான்.

எழும்பூரிலிருந்து லண்டன் போன பாடம்

திண்ணையில் வாத்தியார் ஒருவரே. அவருக்கு உதவி சட்டாம்பிள்ளை. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதைகள் இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். அங்கே எழுத்துக்கூடத் தெரியாமல் பல பையன்கள் தேங்கிக் கிடந்தார்கள். ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர் அதில் அக்கறை காட்டவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, “நீ இவர்களுக்குச் சொல்லிக்கொடு” என்று விட்டார். ஆசிரியரால் ஆகாததை அந்தச் சிறுவன் செய்து காட்டினான்.

பெல் 1797-ல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அது பரவியது. அவர் பிறந்த ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றைக்கும் ‘மதராஸ் காலேஜ்’ என்ற பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது.

எட்டு வயதுப் பையன் எப்படி வென்றான்? அவனுக்கு அந்த எழுத்து எங்கே தடுக்கும் என்று நன்றாகத் தெரியும். நேற்றுத்தான் அவனே அதில் தடுக்கி எழுந்திருக்கிறான். வாத்தியாரோ அந்தத் தடுமாற்றத்தை மறந்து நாற்பது வருஷம் ஆகியிருக்கும்.

‘கோச்’ என்றால் வண்டி

மதராஸ் முறை தேங்கி நின்ற பிள்ளையை நகர்த்துவதற்காக ஏற்பட்டது. இன்று நாம் டியூஷன் என்றதும் நினைக்கும் கோச்சிங்கின் வம்சாவளி வேறு. ‘கோச்’ என்றால் குதிரை வண்டி. பரீட்சை என்ற தூரத்தைக் கடத்திக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்று, 1830-களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் தனி வாத்தியாருக்கு வேடிக்கையாக வைத்த பெயர் அது.

கேம்பிரிட்ஜில் கணித ‘டிரைபாஸ்’ பரீட்சையில் முதலாவதாக வருபவருக்கு ‘சீனியர் ரேங்ளர்’ என்று பட்டம். இதற்குத் தயார் செய்யவே தனி வாத்தியார்கள் இருந்தார்கள். அவர்களில் எட்வர்டு ரௌத் மிகப் புகழ் பெற்றவர். 1855 முதல் 1888 வரை சுமார் 600 மாணவர்களைத் தயார் செய்தார். அவர்களில் 25-க்கும் மேற்பட்டவர்கள் முதலிடம் பெற்றார்கள். 1854-ல் ரௌத் முதலாவதாக வந்தபோது இரண்டாவதாக வந்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்காந்த அலைகளின் சமன்பாடுகளைத் தந்த அதே மாக்ஸ்வெல்தான்! பரீட்சையின் வரிசைக்கும் வாழ்க்கையின் வரிசைக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

நம் நாட்டிலிருந்து போய் முதன்முதலில் சீனியர் ரேங்ளர் ஆனவர் ஆர்.பி. பராஞ்ச்பே, வருஷம் 1899. இந்த வரிசைப் பட்டியலே திறமையைக் கெடுக்கிறது என்று போராடியவர்களில் ஜி.எச். ஹார்டியும் ஒருவர். 1909-க்குப் பிறகு வரிசை வெளியிடுவது நிறுத்தப்பட்டது.

ரௌத்திடம் போனவர்கள் ஏற்கெனவே கணக்கில் புலிகள். வேகமாக ஓடுகிறவனை இன்னும் வேகமாக ஓடவைப்பது அவர் தொழில். தடுக்கி விழுந்த பிள்ளையைத் தூக்கி விடுவது வேறு தொழில். இரண்டையும் இன்று ‘டியூஷன்’ என்ற ஒரே சொல்லால் சொல்வதால்தான் பெற்றோர்கள் தவறான வாசலில் போய் நிற்கிறோம்.

ராமானுஜன் வாங்கிய டியூஷனும் கொடுத்த டியூஷனும்

இங்கே எங்கள் ஊருக்கு வருகிறேன். ராமானுஜனின் தகப்பனார் ஜவுளிக் கடையில் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள். வருமானம் போதாமல் வீட்டில் கல்லூரி மாணவர்கள் இருவருக்குச் சாப்பாடு போட்டுத் தங்க வைத்திருந்தார்கள். பதினொரு வயதுப் பையன் அந்த மாணவர்களைக் கேள்விமேல் கேள்வி கேட்டே அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் வாங்கிக்கொண்டான். லோனியின் திரிகோணமிதிப் புத்தகமும் இப்படிக் கல்லூரி மாணவரிடம் இரவல் வாங்கியதுதான்.

1903-ல் அவர் கையில் கிடைத்தது ஜி.எஸ். கார் எழுதிய புத்தகம். ஆயிரக்கணக்கான கணித முடிவுகள், விளக்கம் அதிகமில்லாமல் வரிசையாக அடுக்கியிருக்கும். இந்தக் கார் யார்? லண்டனில் டிரைபாஸ் பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்துவந்த தனி வாத்தியார். அந்தப் பாடங்களிலிருந்து உருவானதுதான் இந்தப் புத்தகம். லண்டன் டியூஷன் வாத்தியாரின் குறிப்பு ஒன்று கும்பகோணத்தில் ஒரு மேதையைத் தட்டி எழுப்பியது. மற்ற பையன்கள் கையில் கிடைத்திருந்தால் அன்றே மூடி வைத்திருப்பார்கள்.

இதற்குப் பிந்திய கதை நமக்குத் தெரியும். 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். அங்கே பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் பத்திரிகைகளில் வரும் கடினமான கணக்குகளை அவரோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். ஆனாலும் எஃப்.ஏ. பரீட்சையில் மற்றப் பாடங்களில் தவறினார். 1907-ல் மறுபடி எழுதியும் தேறவில்லை.

பட்டம் இல்லை, வேலையும் இல்லை. வயிற்றுப் பிழைப்புக்கு ராமானுஜன் எதைத் தேடினார் தெரியுமா? டியூஷன். கும்பகோணத்தில் பி.ஏ. பரீட்சைக்குப் படித்த ஒருவருக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுக்கப் போனார். இரண்டே வாரத்தில் அந்த ஏற்பாடு நின்றுபோயிற்று. பரீட்சைக்கு வேண்டிய பாடத்தில் அவர் மனம் நிற்கவில்லை. இன்னொரு மாணவருக்கு ஒவ்வொரு நாளும் அதே கணக்கைப் புதுப்புது வழியில் போட்டுக் காட்டினார். மாணவருக்கோ ஒரே வழி தெரிந்தால் போதும் என்று இருந்திருக்கும். உலகம் வியந்த கணித மேதைக்கு டியூஷன் பிள்ளைகள் நிலைக்கவில்லை! 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்த பிறகுதான் வீட்டுக்கு அரிசி வந்தது.

இதை அவருக்குக் குறையாகச் சொல்லவில்லை. கணக்குப் போடும் சாமர்த்தியமும், கணக்கு வராத குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் சாமர்த்தியமும் வேறு வேறு என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ‘ஐ.ஐ.டி.யில் படித்தவர் சொல்லிக்கொடுக்கிறார்’ என்று விளம்பரம் பார்த்து மயங்கும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

என்னைப்போல் ராமானுஜன் பெயரைச் சொல்லிக் குழந்தையை அதட்டுகிறவர்களும் யோசிக்க வேண்டும். அவர் மேதாவிலாசம் கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது. குலத்துச் சொத்தாக எல்லாக் குழந்தைக்கும் பங்கு வைத்ததாக நினைத்துக்கொள்வது பெரியவர்களுக்குப் பெருமை, குழந்தைகளுக்குப் பாரம். பரீட்சையில் தவறி நின்ற ராமானுஜனும் ஒரு காலத்தில் ‘உருப்படாத பிள்ளை’தான் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை.

காகிதம் மடித்த ரெவின்யூ அதிகாரி

அப்படியானால் சொல்லிக்கொடுக்கும் சாமர்த்தியம் யாரிடம் இருந்தது? சென்னை மாகாண ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த தண்டலம் சுந்தர ராவ் 1893-ல் ஒரு சிறு ஆங்கிலப் புத்தகம் வெளியிட்டார். விஷயம், காகிதத்தை மடித்தே வடிவகணிதம் கற்பது. மழலையர் பள்ளிகளில் குழந்தைகள் விளையாடும் காகித மடிப்பைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது. ஸ்கேலோ காம்பஸோ வேண்டாம். சதுரக் காகிதம் ஒன்று போதும். ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் இதைப் பாராட்டி எழுதினார். அதைப் பார்த்த அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் 1901-ல் அங்கே மறுபதிப்பு கொண்டுவந்தார்கள். நம் ஊரில் எத்தனை பள்ளிகளில் இது நுழைந்தது என்று கேட்காதீர்கள்.

அந்த மரபில் வந்தவர் என்று சென்னையைச் சேர்ந்த பி.கே. ஸ்ரீனிவாசனைச் சொல்லலாம். முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர். 1924-ல் பிறந்து 2005-ல் காலமானார். ராமானுஜனைப் பற்றிய கடிதங்களையும், தெரிந்தவர்களின் நினைவுகளையும் தேடி அலைந்து சேகரித்து 1968-ல் நூலாகப் பதிப்பித்தவர். ராயபுரத்தில் 1993-ல் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அமைய உழைத்தவர். காகிதம், கயிறு, காலண்டர் என்று கைக்குக் கிடைப்பதைக் கொண்டு சாதாரணக் குழந்தைகளுக்குக் கணக்கில் ருசி உண்டாக்கப் பாடுபட்டார். ராமானுஜன் பெயரைச் சொல்லிக் குழந்தையை மிரட்டாமல், அந்தப் பெயரில் குழந்தைக்குக் கதவு திறந்துவிட்டவர்.

கோட்டாவும் மும்பையும்

சுதந்திரத்துக்குப் பிறகு ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு வந்தது. ரௌத்தின் தொழில் நம் நாட்டில் பெரிய வியாபாரமாயிற்று. ராஜஸ்தானத்தின் கோட்டாவில் வி.கே. பன்சல் என்ற எஞ்சினியர் ஜே.கே. சிந்தெட்டிக்ஸ் ஆலையில் வேலை பார்த்தார். தசை நோயால் உடல் தளரத் தொடங்கியதும், 1980-களில் வீட்டிலேயே சில பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய கோட்டா. அவர் 2021-ல் காலமானார். ஒரு மனிதர் தம் துன்பத்துக்கிடையே சில பிள்ளைகளோடு செய்த காரியம், ஊர் முழுவதும் விடுதிகளும் வருஷா வருஷம் வரும் பல்லாயிரம் மாணவர்களுமாக மாறியதற்கு அவரை மட்டும் பொறுப்பாக்க முடியாது. ஆனால் ஏழாவது படிக்கும் குழந்தையைக்கூட ‘ஃபவுண்டேஷன்’ என்று அந்த ஓட்டத்தில் சேர்க்கும் வழக்கம் எங்கும் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகளில், 16 வயதுக்குக் குறைந்தவர்களைக் கோச்சிங் மையங்களில் சேர்க்கக் கூடாது என்றே சொல்ல வேண்டி வந்தது.

எழும்பூர்ச் சிறுவனின் தொழிலும் அழிந்துவிடவில்லை. 1994-ல் மும்பையில் ‘பிரதம்’ என்ற அமைப்பு தொடங்கியது. மாநகராட்சிப் பள்ளிகளில் பின்தங்கிய குழந்தைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ‘பால்சகி’ என்ற பெயரில் இளம் பெண்களை அமர்த்தினார்கள். பால்சகி என்றால் குழந்தையின் தோழி. அந்தந்தப் பேட்டையைச் சேர்ந்த பெண்கள். பெரும்பாலும் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். பயிற்சி இரண்டு வாரம். சம்பளம் மாதம் 500 முதல் 750 ரூபாய்.

மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2004 வரை இதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் அளந்து பார்த்து 2007-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பால்சகி போன பள்ளிகளில் குழந்தைகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தது. அதிலும் வகுப்பில் கடைசியில் இருந்த குழந்தைகளே அதிகப் பயன் பெற்றார்கள். உதவி நின்று ஒரு வருஷம் ஆனதும் பயன் ஓரளவு கரைந்தும்போனது. இதே அறிஞர்கள் இருவருக்கும், மைக்கேல் கிரெமருக்கும் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

கணிதப் பட்டம் இல்லாத அந்தப் பெண்கள் செய்தது என்ன? நாலாம் வகுப்புக் குழந்தைக்கு இரண்டாம் வகுப்புக் கழித்தல் வரவில்லை என்றால், ‘நாலாம் வகுப்புப் பாடம் இது’ என்று சொல்லாமல், அந்தக் கழித்தலிலிருந்தே ஆரம்பித்தார்கள். பழைய திண்ணையில் செய்ததும் இதுதான்.

புனேயில் நடந்தது

இவ்வளவும் படித்த பிறகு நானே புனேக்குப் போனேன். அதற்குள் பேத்தியை ஒரு டியூஷன் மையத்தில் சேர்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு அறையில் இருபத்திரண்டு குழந்தைகள். பள்ளியில் நடத்தும் அதே பாடம், இன்னும் வேகமாக. கட்டணம் கணிசம். பேத்திக்குக் கணக்குப் பரீட்சை நாளில் வயிற்றுவலி வந்துவிடும்.

ஒரு நாள் ராத்திரி தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டேன். “மூணில் ஒரு பங்கு தோசை வேணுமா, நாலில் ஒரு பங்கு வேணுமா? எது பெரிசு?”

“நாலில் ஒண்ணுதான் தாத்தா. மூணைவிட நாலு பெரிசில்லையா?”

நான் சிரிக்கவில்லை. இந்தத் தடவை புத்தி வந்திருந்தது. இரண்டு தோசையை வெட்டிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை தாத்தா” என்றாள்.

என் பெண்ணிடம் கேட்டபோது விஷயம் புரிந்தது. நாலாவது படிக்கும்போது மாப்பிள்ளைக்கு வருஷ நடுவில் சென்னையிலிருந்து மாற்றல். பள்ளி கிடைத்துச் சேர்வதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது. அந்த இரண்டு மாதத்தில்தான் பின்னம் நடந்திருக்கிறது. ஐந்தாவதில் தசமம், ஆறாவதில் விகிதம், ஏழாவதில் சதவீதம், இயற்கணிதம் என்று எல்லாம் அந்த ஓட்டைப் படியின்மேலேயே கட்டியாயிற்று. மூன்று வருஷமாக நாங்கள் அவளைச் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இரண்டு தெரு தள்ளி மாநகராட்சிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மராட்டிய மாமி இருந்தார். சாயங்காலம் வராந்தாவில் நாலு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். நானும் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பையன் தப்பாகப் போட்டான். அவர் சரியான விடையைச் சொல்லவில்லை. “இது எப்படி வந்தது? எனக்குச் சொல்லு பார்க்கலாம்” என்று கேட்டார். அவன் சொல்லிக்கொண்டே வரும்போது தானே பாதியில் நிறுத்தி, “இல்லையில்லை” என்று அழித்துவிட்டுத் திருத்தினான். அன்றைக்கே பேத்தியை அங்கே சேர்த்துவிட்டோம். முதல் மாதம் முழுவதும் காகிதத்தை மடித்து மடித்துப் பின்னம்தான். ஏழாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மாப்பிள்ளைக்குக் கவலை. பொறுத்துக்கொள்ளச் சொன்னேன்.

வருஷக் கடைசிப் பரீட்சையில் 58 வாங்கினாள். நூறு வாங்கினாள் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாயிருக்கும். ஆனால் உண்மை 58. அன்று காலையில் வயிற்றுவலி வரவில்லை என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய செய்தி.

தேடும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

1. வாத்தியாரைத் தேடுமுன் ஓட்டையைத் தேடுங்கள். இரண்டு மூன்று வகுப்பு கீழே இறங்கிக் கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு, பின்னம் என்று விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள். எந்த வருஷம் மாற்றல், எந்த வருஷம் நீண்ட காய்ச்சல் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் கேளுங்கள். ஆனால் அவரையே டியூஷனுக்குக் கூப்பிட வேண்டாம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 28-ம் பிரிவின்படி பள்ளி ஆசிரியர் தனியார் டியூஷன் எடுக்கக் கூடாது.

2. முதல் நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். வாத்தியார் அதிகம் பேசுகிறாரா, குழந்தை அதிகம் பேசுகிறதா என்று கவனியுங்கள். தப்பான விடை வந்ததும் அவர் என்ன செய்கிறார் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

3. பெரிய பட்டமோ பெரிய கட்டணமோ முக்கியமல்ல. நாலைந்து குழந்தைகளுக்கு மேல் இல்லாத இடமாகப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணே போதுமானவளாக இருக்கலாம். கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடாதீர்கள். பால்சகி அனுபவம் நினைவிருக்கட்டும்.

4. நாமே சொல்லிக்கொடுக்கலாமா என்றால், பொறுமை இருந்தால் தாராளமாக. ஜப்பானில் டோரு குமோன் என்ற கணித ஆசிரியர், 1954-ல் இரண்டாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் வாங்கிய தம் மகனுக்காகத் தினம் கொஞ்சமாகக் கணக்கு எழுதிக் கொடுத்தார். இன்று பல நாடுகளில் நடக்கும் குமோன் வகுப்புகள் அதிலிருந்து வந்தவை. ஆனால் கோபம் வருகிற அப்பாவைவிடக் கோபம் வராத அயலார் மேல்.

5. எவ்வளவு முயன்றாலும் எண்களின் அளவே மனத்தில் பதியாத குழந்தைகள் உண்டு. அதற்கு ‘டிஸ்கால்குலியா’ என்று பெயர். சோம்பலோ மந்தபுத்தியோ அல்ல. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் இதுவும் சேர்ந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் தகுந்த நிபுணரிடம் காட்டுவதில் வெட்கம் வேண்டாம். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் 2020 முதல் கணக்குப் பரீட்சையை ‘பேசிக்’, ‘ஸ்டாண்டர்ட்’ என்று இரண்டாகப் பிரித்திருப்பதும் தெரிந்திருக்கட்டும்.

நம் உறுப்பினர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், வங்கி, ரயில்வே, தணிக்கை அலுவலகங்களில் ஆயுள் முழுவதும் கணக்கோடு வாழ்ந்தவர்களும் எத்தனையோ பேர், எத்தனையோ ஊர்களில் இருக்கிறோம். சாயங்காலம் ஒரு மணி நேரம், வீட்டு வாசலிலோ குடியிருப்பு அறையிலோ, அக்கம்பக்கத்து எந்தக் குழந்தையாக இருந்தாலும், நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்க முன்வரலாம். கணித மேதையாக இருக்க வேண்டாம். ‘இது எப்படி வந்தது, சொல்லு பார்க்கலாம்’ என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தால் போதும்.

போன வாரம் பேத்தி போனில் பேசினாள். “தாத்தா, ராமானுஜன் பரீட்சையிலே ஃபெயிலானாராமே, நெஜமா?” என்று கேட்டாள். “ரெண்டு தடவை” என்றேன். வெகுநேரம் சிரித்தாள்.